பின்னால் போகாத கார்

எனக்கு ஆட்களோடு கதைக்கத்தான் கூச்சம், வண்டிகளோடு இல்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஸ்கூட்டியில் போய் வந்திருக்கிறேன். கணவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவருடைய ஓட்டோவை எடுத்திருக்கிறேன். பிறகு சில வருடம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கார். ஸ்கூட்டியைத் தவிர எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்ப்பேன். ஓட்டத் தெரியாத வயதிலேயே தொடங்கிய கவலை அது. காரணம் மாமாவின் பச்சை மைனர் கார்.

மாமா, உம்மாவின் கடைசித் தம்பி. ஊரில் வாடகைக்குக் கார் விட்டு ஹயர் ஓடினார். மாப்பிள்ளைமார் பெரும்பாலும் அவருடைய காரில்தான் பெண்வீட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருக்க வேண்டும். அதனால் அந்தப் பயணத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பெண்வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தாலும், காரில் ஏறிப் பெரிய வீதியால் ஒரு சுற்றுச் சுற்றித்தான் போய் இறங்குவார்கள்.

அந்தக் காருக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. எப்போதோ பல் உடைந்துபோனது; அதற்குரிய சாமான் எங்கும் கிடைக்கவில்லை. மாமா அதைப் பெரிய குறையாக எடுக்கவில்லை. எந்த ஒழுங்கையால் போனால் எந்த வீதியில் ஏறலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பின்னால் போகவே தேவையில்லாதபடி ஊரைச் சுற்றினார். அப்படியும் எங்காவது மாட்டிக்கொண்டால், ஆள் இல்லாத நேரம் பார்த்து இறங்கி, கதவு நிலையில் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். பக்கத்தில் நான் இருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். நான் ஓட்டிய முதல் வண்டி அதுதான், அதுவும் பின்பக்கமாக.

"ஒருத்தருக்கும் செல்லிராத புள்ள. தெரிஞ்சா ஹயருக்கு வரமாட்டானுகள்," என்பார்.

உம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

பிறகு மாமாவுக்கே கலியாணம் வந்தது. பெண்வீடு நிந்தவூரில், கடற்கரைப் பக்கம், மறுபுறம் வழியில்லாத ஒழுங்கையின் கடைசி வீடு. சாப்பாடு முடிந்ததும் அதே காரில் பெண்ணை ஏற்றி, மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்கு ஒருமுறை வந்து திரும்பவேண்டும். எங்களுக்குப் பயம் அங்கேதான். பெண்ணை உள்ளே வைத்து, ஊர் பார்க்க, காரைப் பின்னால் தள்ளினால் அந்தச் சிரிப்பு மாமாவை விடாது. அவர் காலமெல்லாம் இருக்கப்போவதும் அதே ஒழுங்கையில்தான்.

"ஒழுங்க வாயில நிப்பாட்டிப்போட்டு நடந்து போவம்," என்று பக்கத்தில் இருந்த என் காதில் மட்டும் சொன்னார். கோட்டும் தொப்பியுமாக ஸ்டியரிங்கில் இருந்தது மாமாவேதான். கிளட்ச் வேறு ஆருக்கும் படியாது என்று சொல்லிவிட்டார்.

"மாப்புளயே ட்ரைவரா? அப்ப கூலி ஆருக்குக் குடுக்கிற?" என்று வழி நெடுகக் கேலி.

ஒழுங்கை வாயில் கார் நின்றது. ஆனால் பெண்ணின் தம்பி ஓடிவந்து, "என்ன மச்சான் இது? உங்கட கார் வாசலுக்கு வராம? உள்ளுக்கு எடுங்க!" என்று பொனட்டைத் தட்டினார். பின்னால் பொல்லடிக்காரர்கள் கோல்களைத் தட்டி ஆடிக்கொண்டு நெருங்கிவிட்டார்கள். மாமா என்னை ஒருமுறை பார்த்தார். கார் உள்ளே போனது. பெண்கள் குரவையிட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெண்ணைக் கொண்டுவந்து பின்சீட்டில் இருத்தினார்கள். வாசல் முழுக்கச் சனம். மாமா கோட்டின் பொத்தானைக் கழற்றினார். இறங்கித் தள்ளப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது பெண்ணின் வாப்பா முன்னால் வந்து, வீட்டின் பக்கவாட்டைக் கையால் காட்டினார். "நேரே விடுங்க மாப்புள."

வீட்டுக்குப் பின்னால் குசினியையும் கிணற்றையும் தாண்டி, கடற்கரை வீதிக்குப் போகும் பக்கத்துக் கிடுகு வேலியை வெட்டிப் புதிதாக ஒரு பெரிய கடப்புத் திறந்திருந்தார்கள். கார் தாராளமாகப் போகும் அகலம். மணலில் டயர் புதையாமல் தென்னோலை பரப்பியிருந்தார்கள்.

"என்ன, ஹாஜியார்! பொம்புளையள் புழங்கிற வளவ ரோட்டுக்குத் தொறந்து விட்டிரிக்கா?" என்று ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்.

"கடல் காத்து வரட்டுமெண்டு தொறந்த," என்றார் பெண்ணின் வாப்பா.

மாமா பொத்தானைப் பூட்டினார். கார் ஓலையில் சரசரத்து, கடலைப் பார்த்தபடி வெளியே போனது. அவ்வளவு அழகாக ஒரு கார் போனதை நான் பிறகு கண்டதில்லை.

என் காரை வாங்கிய கிழமை நிந்தவூரில் மாமி வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். மாமா வெளியே போயிருந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸ் போட்டேன். மாமி கண்ணாடியில் தட்டினார்.

"என்னத்துக்குப் பின்னால போற? அங்கால கடப்பு இரிக்கிதானே. அதுக்குத்தானே வாப்பாட்டச் செல்லித் தொறப்பிச்ச."

"எதுக்கு மாமி?"

"கலியாணத்துக்கு முந்தி உன்ட மாமா அடுத்த ஒழுங்கைக்கு ஹயர் வந்தவர். நான் வேலிக்கால பாத்துக்கிட்டு நிண்டன். ஆருமில்லையெண்டு தள்ளினார். தள்ளி முடிச்சிப்போட்டு, கோவிக்காமக் காரத் தட்டிக் குடுத்தார்." மாமி முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார். "அண்டைக்கே மனசுக்குப் புடிச்சிட்டு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியா. நீயும் செல்லிராத."

மாமாவின் கார்கள் மாறிவிட்டன. எல்லாவற்றுக்கும் ரிவர்ஸ் இருந்தது. ஆனாலும் அவர் இன்றைக்கும் முன்வாசலால் வந்து பின்கடப்பால்தான் போகிறார். அது தானாக வாய்த்த வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் கடல் காற்றை நம்பியிருந்தேன். ஓலை பரப்பியது மணப்பெண்ணுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்தக் கார்ச் சங்கதி தெரிந்து பயந்துகொண்டிருந்தது மாமாவும் நானும் மட்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவர் எங்களுக்கு முன்பே அந்தப் பயத்தைப் பட்டு முடித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

கியரை முன்னுக்கு மாற்றி, கிணற்றடியால் காரை விட்டேன்.