இருபத்தாறாவது மூடி

எலுவா கிளே இருபத்திரண்டு வருஷமாகச் சினமரி என்ற சிற்றூரிலிருந்து கூரு ராக்கெட் ஏவுதளத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். மழையும் பூச்சியும் புகாதபடி ராக்கெட்டின் துளைகளுக்குச் சிவப்பு மூடி போட்டு வைப்பதும், ஏவுவதற்கு முன் அவற்றைக் கழற்றி எண்ணிக் கையெழுத்திடுவதும் அவர் குழுவின் வேலை. எலுவா எண்ணிவிட்டால் இன்னொருவர் எண்ணுவதில்லை. அவ்வளவு பெயர்.

வருஷக்கணக்காகத் தேதி தள்ளிப்போய், ஐரோப்பாவில் பத்திரிகைகளெல்லாம் கேலி செய்து முடித்த பிறகு, அங்கிருந்து வந்த அந்தப் புது ராக்கெட் ஒருவழியாக ஏவுமேடையில் நின்றது. அன்று கொட்டுகிற மழை. எலுவா எண்ணாமலே இருபத்தாறு என்று கையெழுத்துப் போட்டார். கிடங்கில் இருந்தது இருபத்தைந்து.

ஏவுதலை நிறுத்திவிட்டார்கள். காணாமல் போன மூடி ராக்கெட்டுக்குள் எங்காவது விழுந்திருந்தால் என்ன ஆகும்? அடுக்கடுக்காகப் பிரித்துத் தேடத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை எலுவா தன் மழைக்கோட்டை உதறியபோது அதன் பையிலிருந்து மூடி விழுந்தது. அப்போதே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இரண்டு நாள் தாமதத்தோடு போயிருக்கும். குழுத் தலைவர் என்ற பெயர் அவரை வாய் திறக்கவிடவில்லை. எட்டு நாள் அதைக் காரிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஒன்பதாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கிடங்கு அலமாரிக்குப் பின்னால் போட்டார்.

அன்று மாலையே கண்டெடுத்தார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வென்ஸி, கூருவில் சரமாக்கா இனத்தாரின் ஏழைக் குடியிருப்புப் பையன். அவன் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவர்கள் இருவரும் வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனம் அவன் வேலையைப் புதுப்பிக்கவில்லை.

பதினோரு நாள் தாமதமாக ராக்கெட் நல்லபடியாகப் போனது. கடற்கரையில் சனம் முழுக்கக் கைதட்டியது. எலுவா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதம் கழித்து வென்ஸியைத் தேடிப் போனார். அவன் ஆற்றோரம் அண்ணனின் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். எலுவா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அவன் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்ணே. அலமாரிக்குப் பின்னாடி, மூடி கிடைச்சதுக்கு முந்தின நாளுதான் நானே பெருக்கினேன். அதுக்கப்புறம் உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா யாரை நம்புவாங்க? உங்களையா, என்னையா?"

எலுவாவால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, முடிந்த கதையைக் கிளற வேண்டாம், அடுத்த ஏவுதலுக்குத் தேதி குறித்தாயிற்று என்று சொல்லிக் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சீக்கிரமே ஓய்வு பெற்றுக்கொள்ளும்படியும் சொன்னார்.

பிரிவு விருந்தில் கேக், ரம், பாட்டு எல்லாம் இருந்தது. இப்படிக் கவனமான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று மேலாளர் பேசினார். பக்கத்தில் மனைவி ஜொசெட் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். அவளிடம்கூட எலுவா சொல்லியிருக்கவில்லை.

அவர் எழுந்தார். "அந்த மூடி என் கோட்டுப் பையில இருந்துச்சு. அலமாரிக்குப் பின்னாடி போட்டது நான்தான். வென்ஸி மேல ஒரு தப்பும் இல்ல."

யாரோ ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஜொசெட் கைப்பையை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் முன்பெல்லாம் வலிய வந்து கைகுலுக்கியவர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அதுவே அதிகம் என்று பட்டது. நிறுவனம் வென்ஸியைத் திரும்ப அழைத்துக் கடிதம் அனுப்பியது. அவன் பதில் போடவில்லை. அண்ணனோடு படகோட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார்கள்.