இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை

பாபநாசம் கடைத்தெருவைத் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. தோளில் ஒரு கட்டைப்பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, போர்வை, ஆஸ்பத்திரி நோட்டு. கும்பகோணம் போகிற பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. நடந்தால் ஆத்திரம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அன்று மதியம்தான் அதை விட்டு வந்தேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. ஆனால் கடைசி நான்கு வருடமாக ஜோடி மட்டும் ஒரே ஆள். மூட்டை வேலையில் ஜோடி முக்கியம். இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கி மூன்றாவது ஆளின் தலையில் வைக்க வேண்டும். ஒருவன் கை கொஞ்சம் முந்தினாலும் மற்றவன் இடுப்பு போய்விடும். என் ஜோடி தரங்கம்பாடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். வீட்டுப் படகு விற்றுப்போன பிறகு நெல்லுக்கு வந்தவன். என்னைவிட ஆறு வயது இளையவன். உறவு ஒன்றும் கிடையாது. மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒரத்தநாட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு நாள் எனக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. யாரிடமோ பைக் வாங்கி அவன்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பிரஷர் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொழுப்பும் இருந்தது. துணைக்கு வந்தவனையும் டாக்டர் விடவில்லை. அவனுக்கும் அதே இரண்டு.

"ஜோடிப் பொருத்தம் பாத்துத்தான் சேந்திருக்கீங்க" என்றார் டாக்டர். காலையில் பிரஷருக்கு ஒன்று, இரவில் கொழுப்புக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். "ஒன்ன மட்டும் போட்டுட்டு ஒன்ன விட்டுடாதீங்க. வாய்க்கால்ல தண்ணி வேகத்தக் கொறச்சா மட்டும் பத்தாது, உள்ள மண்ணு சேராமயும் பாக்கணும்."

எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் அண்ணன் ஐம்பது வயதில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்து மூன்று வருடம் கிடந்தார். அண்ணி இருந்ததால் வாயில் சோறும் உடம்பில் சுத்தமும் இருந்தன. நான் விழுந்தால் பாயைத் திருப்பிப் போடக்கூட ஆள் கிடையாது. இதை அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

மூட்டைக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வெளி வேலைக்கு ஜோடியில் ஒருவர் போனால் போதும். மற்றவர் களத்தில் வேறு ஆளோடு சேர்ந்துகொள்வார். ஒருவர் போய் இரண்டு பேருக்கும் ரேஷன் வாங்கி வருவார், முடிந்தால் முடிவெட்டக்கூட ஒருவரே போய்வருவார் என்று கேலி செய்வார்கள். அவனுக்குப் பேருந்துப் பயணம் பிடிக்கும். மாதாமாதம் மாத்திரை வாங்க இரண்டு நோட்டையும் அவன்தான் எடுத்துப்போவான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கு ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்தான். "இப்ப ரெண்டுக்கும் சேத்து ஒன்னாவே வந்துடுச்சு மச்சான். காலையில போட்டா போதும்."

நம்பினேன். அப்படி ஒரு மாத்திரை இருப்பது எனக்குத் தெரியும். தஞ்சாவூர் மருந்துக்கடை ஒன்றில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பிரஷருக்கும் கொழுப்புக்கும் சேர்த்து ஒன்றே வாங்கிப் போவதைப் பார்த்து வந்து, அவனிடம் அதிசயமாகச் சொன்னவனே நான்தான். அட்டையில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பெயர் வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டேன். உடம்பும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவலி இல்லை, மூக்கில் ரத்தம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த மாதம் அவனுடைய தம்பி கடல் வேலைக்கு வளைகுடா போகிறான் என்று வழியனுப்ப ஊருக்குப் போய்விட்டான். மாத்திரை தீர்ந்துபோனது. அன்று காலை பக்கத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே நோட்டோடு போனேன். மருந்து கொடுக்கும் பெண் இரண்டு அட்டையை எடுத்து வைத்தாள்.

"எனக்கு ஒன்னுதாம்மா. ரெண்டுக்கும் சேத்த மாத்திரை."

"அது வெளியில கடையில விக்கிறதுங்கய்யா. இந்த நோட்டுல தனித்தனியாத்தான் இருக்கு. மாசாமாசம் ரெண்டும் குடுத்ததா எழுதியிருக்கே." விரல் வைத்து ஒவ்வொரு மாதமாகப் படித்துக் காட்டினாள். நான் வைத்திருந்த காலி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது வெறும் பிரஷருக்குங்க."

ரத்தம் எடுத்தார்கள். பதினோரு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிரஷர் அடங்கியிருந்தது. கொழுப்பு ஒரத்தநாட்டில் பார்த்த அன்றைவிடக் கூடியிருந்தது.

திரும்பியபோது அவன் ஊரிலிருந்து வந்து பம்புசெட்டில் துண்டு அலசிக்கொண்டிருந்தான். இரண்டு அட்டையையும் அவன் முன்னால் பிடித்தேன். அவன் பார்த்துவிட்டு மறுபடி துண்டைப் பிழிந்தான்.

"தம்பிக்குக் குடுத்தேன் மச்சான். அவனுக்கும் கொழுப்பு. ஆஸ்பத்திரியில பேரு ஏறுனா கம்ப்யூட்டர்ல தெரிஞ்சு மெடிக்கல்ல தள்ளிடுவான்னு ஏஜென்ட் சொல்லிட்டான். மாத்திரை போட்டு எறக்கிட்டு டெஸ்ட்டுக்குப் போனான்."

"உன்னுதக் குடுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு மச்சான்."

கோபமோ வெட்கமோ இல்லாமல் சொன்னான். எடை மிஷினில் மூட்டையை வைத்துப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது.

சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "மாத்திரையக்கூடப் பங்கு போட்ட ஜோடி இந்த ஜில்லாவுலயே இவனுங்கதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். ஏழு மாதம் தினமும் என் எதிரில் மூட்டையின் மறுமுனையைப் பிடித்து, "மாத்திரை போட்டியா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்வரை வந்தான்.

இருட்டுவதற்குள் ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்துக் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. இட்லி சாப்பிட்டு இரவு மாத்திரையைப் போட்டேன். விட்டதை இது சரிசெய்யுமா என்று தெரியாது. காலையில் கேட்டதற்கு மருந்து கொடுத்த பெண், இனிமேல் விடாமல் போடுங்கள் என்று மட்டும்தான் சொன்னாள்.

காலையில் சாலையோர அரிசி ஆலை ஒன்றில் போய் நின்றேன். மேஸ்திரி என் தோளைப் பார்த்துவிட்டு, "மூட்டைக்கு ஆள் வேணும், ஜோடி இருக்கா?" என்றார்.

"இல்லைங்க. மூட்டை வேணாம். தனியாப் பாக்குற வேலை ஏதாவது சொல்லுங்க."

"அவிச்ச நெல்லக் களத்துல காய வைக்கணும். வெயில்லயே நிக்கணும். கூலி கம்மி."

"சரிங்க. மாசத்துல ஒரு காலை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவேன்."

அவர் தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்த்திருந்த, நெல் பரப்பும் கயிறு கட்டிய பலகையைக் காட்டினார். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆவி பறக்கும் நெல்லைக் களத்தின் ஓரத்திலிருந்து இழுத்துப் பரப்ப ஆரம்பித்தேன்.