கத்திரியின் பட்டியல்

கத்திரியை எனக்குப் பிடிக்காது. அவர் ஓய்வு பெற்றுப் போய் நாலு வருடமாகியும் பிடிக்கவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் மரண அறிவிப்புப் பிரிவு அவருடையது. எதிர் மேசையில் டைப் அடிப்பவள் நான். இறந்தவரின் படத்துக்குக் கீழே, 'துயரத்துடன்' என்ற சொல்லையடுத்து யார் யார் பெயர் வரலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் கிடக்கும். மனைவி, கணவர், மகன், மருமகள், சம்பந்தி என்று முப்பத்தொரு உறவுகள். அதில் அடங்காத ஆள் மேல் சிவப்புப் பேனா பாயும். கத்திரி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை தையல்காரி ஒருத்தி வந்தாள். ஒரு டீச்சரோடு பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். டீச்சர் இறந்துவிட்டார். அவங்களுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டார் கத்திரி. கூட இருந்தவள் என்றாள். அது உறவில்லை, விலாசம் என்றார். தோழி என்றாவது போடச் சொல்லிக் கெஞ்சினாள். தோழிகளையெல்லாம் போட்டால் செய்திக்கு இடமிருக்காது என்று சொல்லிவிட்டார். அவள் படியிறங்கும்போது, காதில் விழட்டும் என்றே, "இதுகளுக்குப் பேரு ஒண்ணுதான் கேடு" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் டைப் அடிப்பதைத் தொடர்ந்தேன். மாசம் பிறந்தால் சம்பளம் வேண்டுமே.

பழி தீர்க்க எனக்கும் ஒரு வழி இருந்தது. கத்திரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஒருவரோடு முப்பது வருடமாக ஒரு மாடி வீட்டில் இருந்தார். கேட்டால் ரூம்மேட் என்பார். மதியம் ஒரு மணிக்கு அந்தக் கடிகாரக்காரர் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நிற்பார். மழை பெய்தால் கையில் இரண்டு குடை இருக்கும். அவருக்கு 'வீட்டம்மா' என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டம்மா வந்தாச்சு என்று வாட்ச்மேன்கூடக் குரல் கொடுப்பார். கத்திரி தலை நிமிராமல் இறங்கிப் போவார். எனக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை கடிகாரக்காரர் மார்வலியில் போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய அக்கா மகன் அறிவிப்பு எழுதிய தாளோடு வந்தான். கத்திரி சவரம் செய்யாத முகத்தோடு சீட்டில் இருந்தார். தாளில் அக்கா, அத்தான், அக்கா பிள்ளைகள், கடிகாரக் கடை இடத்தின் சொந்தக்காரர் பெயர்கூட இருந்தது. கத்திரி பெயர் இல்லை. அவரை நன்றாகத் தெரிந்தவன்தான் அந்தப் பையன். யாரோ எவரோ என்பதுபோல நின்றுகொண்டு, "குடும்பத்தோட நிக்கட்டும் சார், வேற யாரும் வேணாம்" என்றான். கத்திரி வழக்கம்போலக் கடை இடத்துக்காரர் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்.

அவன் போன பிறகு எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"உங்க பேரையும் சேத்துடறேன் சார். வந்து கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவர் கண்ணாடிக்கு அடியிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னன்னு சேர்ப்ப? அவனை வீட்டம்மான்னு சொன்னவ நீதானே. இப்ப என்னை அவன் வீட்டுக்காரன்னு போடு, பாப்போம்."

நான் போடவில்லை. தாளில் இருந்ததை இருந்தபடியே டைப் அடித்து அனுப்பினேன்.