கால் நீட்ட ஒரு வீடு

கல்லூரியில் அவளுக்கு டேப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்குமே, அது மாதிரி இவள் இடுப்பில் எந்நேரமும் ஒரு இரும்பு டேப்பு தொங்கும். கேன்டீன் பெஞ்சை அளப்பாள், மாடிப்படியை அளப்பாள், ஒருமுறை வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒட்டடைக்குச்சியையே அளந்துவிட்டாள். "நீ கதவுல நுழையும்போது குனியவே வேணாம்டா. எல்லாம் உன் நினைப்புதான்" என்றாள். ஒட்டடைக்குச்சி அவளுடைய வகுப்புத் தோழன். உயரம் உண்டு, அகலம் கிடையாது. பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைத் தேட வேண்டும்.

கட்டடக்கலை படிக்க வருகிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். அதற்கு கான்செப்ட் என்று பெயர். பள்ளிக்கூடம் வரையச் சொன்னால் ஒருத்தி பட்டாம்பூச்சி வரைவாள். ஒருவன் ஆஸ்பத்திரியை இதய வடிவத்தில் வரைந்துவிட்டு, நோயாளி எந்த ரத்தக்குழாய் வழியாக உள்ளே வருவது என்று தெரியாமல் முழித்தான். டேப்புக்கு இந்த வியாதி வரவே இல்லை. உன் கான்செப்ட் என்ன என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஒருத்தர் உள்ள வந்தா யாரெல்லாம் எழுந்திருக்கணும்? அதான்."

இதைக் கேட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டவர் ரப்பர் சார். டிசைன் பாடம் அவருடையது. அவர் கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் போட்ட கோட்டை அழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நாற்காலியில் சரிந்து, இரண்டு காலையும் நீளமாக நீட்டி, கணுக்கால் மேல் கணுக்கால் போட்டுக்கொண்டு, மடியில் வைத்த வரைபடத்தை அழிப்பார். அந்தக் கால் நீட்டலைப் பார்த்தாலே போதும், அந்த மனிதரை வாழ்க்கையில் யாரும் நகரச் சொன்னதில்லை என்று தெரிந்துவிடும்.

முதல் வேலையாக அவர் கொடுத்தது, அவரவர் வீட்டை அளந்து வரைந்து வருவது. டேப்புக்கு அது சுலபம். வீடு என்பது ஒரு பெரிய அறையும் பின்னால் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு சமையலறையும்தான். பெரிய அறையில் பாதியை ஒரு சோபா பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஏதோ ஒரு ஆபீஸ் மூடியபோது தூக்கிப் போட்ட சோபாவை, கிடைத்தற்கரிய புதையல் மாதிரி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதில் இதுவரை மனிதர்கள் உட்கார்ந்ததில்லை. மடிக்காத துணிகள்தான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவாள். சோபா போக மிச்சமிருந்த தரையில், வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில். டேப்பு அளந்துகொண்டிருந்த அன்றும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி தண்ணீர் குடிக்க உள்ளே போனான். காலடி கேட்டதும் அம்மாவின் கால் இரண்டும் தானாக மடங்கின. அவன் தாண்டிப் போனதும் நீண்டன. திரும்பி வந்தான், மடங்கின. கண் திறக்கவில்லை. மூச்சுகூட மாறவில்லை. கடையில் கதவு தானாகத் திறந்து மூடுமே, அந்த மாதிரி.

இத்தனை வருடம் அந்தக் காலைத் தாண்டித்தான் அவளும் நடந்திருக்கிறாள். டேப்பைக் கையில் பிடித்த அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

வரைபடத்தில் அம்மாவையும் வரைந்தாள். மடக்கிய கால் முழுக்கோட்டில், நீட்டிய கால் புள்ளிக்கோட்டில்.

"ஆளை எதுக்கு வரைஞ்சே? வீட்டை அளக்கச் சொன்னா குடும்பப் படம் போட்டுட்டு வர்றே" என்றார் ரப்பர் சார். அழித்தார். கால்தான் முதலில் போனது.

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். பஸ் நிறுத்தம் வரையச் சொன்னபோது, பின் பெஞ்சில் இருப்பவர் முன் பெஞ்சுக்காரரை எழுப்பாமல் பஸ்ஸுக்கு ஓட வழி விட்டாள். கிளினிக் வரையச் சொன்னபோது டாக்டர் அறைக்கு இரண்டு கதவு வைத்தாள்.

"ரெண்டாவது கதவு யாருக்கு? டாக்டர் தப்பிச்சு ஓடவா?"

"கெட்ட சேதி கேட்டவங்களுக்கு சார். அழுதுகிட்டே ஏன் அத்தனை கூட்டத்துக்கு நடுவுல நடந்து போகணும்?"

"அழறவனுக்குத் தனிக் கதவு. அப்போ சிரிக்கிறவனுக்கு ஜன்னலா?"

வகுப்பே சிரித்தது. கதவை அழித்தார். மறுநாள் அதே இடத்தில் அதே கதவு, ரப்பருக்கு மசியாத பால்பாயிண்ட் பேனாவில் வந்து நின்றது. மதிப்பெண் தரைமட்டத்தில் வந்தது. அவளும் கதவும் அசையவில்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் சின்ன வீடு. நான்கு பேர் வாழ வேண்டும், இடமோ கைக்குட்டை அளவு. டேப்பு ஒரு பக்கச் சுவரை ஒட்டி, வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் நேராக ஒரு வழி விட்டாள். ஆள் நடக்க மட்டும். படுக்கிற இடமெல்லாம் அதற்கு இந்தப் பக்கம். யார் வந்தாலும் போனாலும் யாரும் புரள வேண்டாம்.

ரப்பர் சார் அந்த வழியைப் பார்த்ததும் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"இவ்வளவு சின்ன வீட்ல நடக்கறதுக்குன்னு தனியா இடமா? வீண். எடுத்து ஹாலோட சேரு."

"ஹாலோட சேத்தா ஹாலுக்கு நடுவுலதான் நடப்பாங்க சார்."

"நடக்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?"

"படுத்திருக்கிறவங்க தூக்கம்."

"பகல்ல யாரும்மா தூங்கறா?"

அடுத்த வாரமும் அதே வழியோடு வந்தாள், கோடு மட்டும் கொஞ்சம் தடிமனாக. அதற்கடுத்த வாரம் இன்னும் தடிமனாக. ரப்பர் சாருக்கு மூக்கு சிவந்தது.

"இதோ பாரு. ஜூரிக்கு இந்த வழியோட வந்தே, இந்த வருஷம் தாண்ட மாட்டே. ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து மறுபடி பென்சில் சீவணும். யோசிச்சுக்கோ."

ஜூரி என்பது வருடக் கடைசித் தேர்வு. வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் வரைபடத்தை மாட்டி, நின்று பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண் தாளில் ரப்பர் சார் கையெழுத்தும் விழ வேண்டும்.

டேப்புக்கும் பயம் இல்லாமல் இல்லை. யோசித்தாள். கல்லூரியிலேயே உட்கார்ந்து, வழியை எடுத்துவிட்டு, சார் சொன்னபடி இன்னொரு வரைபடம் போட்டாள். லட்சணமாக இருந்தது. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் வீட்டு வாசலில் கால் வைத்தாள்.

உள்ளே கால்கள் மடங்கின.

அப்படியே திரும்பி வெளியே வந்து ஒட்டடைக்குச்சிக்கு போன் போட்டாள். "டேய், எவ்வளவு சாக்பீஸ் திருட முடியும்?"

"யார்கிட்ட கேக்கறே? ஒரு பள்ளிக்கூடத்தையே மூட வைக்கலாம்" என்றான் அவன்.

ஜூரி அன்று கூடத்தை ஒழுங்குபடுத்துவது மாணவர்கள் வேலை. இருவரும் எல்லாருக்கும் முன்னால் வந்து, சிமென்ட் தரையில் ஒரு வீட்டை நிஜ அளவில் வரைந்தார்கள். அவள் வழி விட்டு வரைந்த வீடு இல்லை. ரப்பர் சார் சொன்னபடி போட்ட அந்த லட்சணமான வீடு. வாசல், ஹால், சமையலறை. வரைபடத்தில் கட்டில் எங்கே இருந்ததோ சரியாக அங்கே ரப்பர் சாரின் நாற்காலி. பரீட்சகருக்கு நாற்காலி மூலையில். வரைபடம் மாட்டும் பலகையும் தண்ணீர் கேனும் சமையலறைப் பக்கம். மேசை எங்கே என்று சார் கேட்டதற்கு, "கால் ஒடிஞ்சு போச்சு சார்" என்று ஒட்டடைக்குச்சி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு பரீட்சை அட்டையை நீட்டினான். தரையில் இருந்த கோடுகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. வரைகிற கல்லூரியில் கோடு கிடப்பதில் என்ன அதிசயம்?

வகுப்பில் எல்லாருக்கும் ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தாள். சாக்பீஸ் கோடு சுவர். சுவரைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது.

ஆக, வந்தவர்கள் எல்லாரும் வாசல் வழியாக வந்தார்கள். ஹாலுக்கு நடுவில் நடந்தார்கள். நடுவில் ரப்பர் சாரின் நீட்டிய கால். "சார், கொஞ்சம்..." என்று ஒரு பையன் கேட்டதும் மடக்கினார். அவன் வரைபடத்தை மாட்டிவிட்டுத் திரும்பினான். மறுபடி மடக்கினார். பட்டாம்பூச்சிக்காரி வந்தாள். இதயக்காரன் வந்தான். அவனுக்கு ஒரு வழியாக வாசல் கிடைத்துவிட்டிருந்தது. ஒருத்திக்குத் தாகம். ஒருவனுக்குப் பேனா கீழே விழுந்தது. முதலில் சார் உச்சுக் கொட்டினார், பிறகு முறைத்தார், பிறகு அதுவும் நின்றுபோனது. மத்தியானத்துக்குள் தலை நிமிராமலே மடக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக டேப்பு. வரைபடத்தை மாட்டினாள். வழி இருந்தது, தார் ரோடு மாதிரி கறுப்பாக.

"பாத்தீங்களா மேடம்?" என்று ரப்பர் சார் பரீட்சகர் பக்கம் திரும்பினார். "வாரா வாரம் சொல்லியாச்சு. இருக்கிற துளி இடத்துல இப்படி ஒரு வீண். சொன்னா ஏறாது. பிடிச்ச முயலுக்கு..."

ஒட்டடைக்குச்சி எழுந்து தண்ணீர் கேனை நோக்கித் தொப் தொப்பென்று நடந்தான்.

சாரின் கால் மடங்கியது. பேச்சு நிற்கவில்லை. அவன் தாண்டினான், கால் நீண்டது.

"சார், இப்ப என்ன பண்ணினீங்க?" என்றாள் டேப்பு.

"என்ன பண்ணினேன்? பேசிட்டிருக்கேன்."

"காலை மடக்கினீங்க."

சார் குனிந்து தன் காலையே பார்த்தார், யாரோ கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி.

"காலையிலேர்ந்து மடக்கறீங்க சார். இப்பல்லாம் யாரும் கேக்கக்கூட வேணாம். நீங்க உட்கார்ந்திருக்கிறது நீங்க திருத்தின வீடு. கீழே பாருங்க, அது வாசல். இது நீங்க ஹாலோட சேக்கச் சொன்ன இடம்."

"என்னை வச்சு விளையாடறியா?" சார் எழுந்தே விட்டார்.

"ஆமா சார், விளையாட்டுதான். சாயங்காலம் தரையைத் துடைச்சா முடிஞ்சுபோச்சு. அந்த வீட்ல இருக்கிறவங்க தூக்கத்துலயும் மடக்குவாங்க. அதைத் துடைக்க முடியாது."

மூலையில் இருந்த பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா மடக்குவாங்க?"

அம்மா என்று சொல்லத்தான் டேப்பு வாயெடுத்தாள். அம்மாவைக் கொண்டுவந்து இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நடக்கவிட அவளுக்கு மனமில்லை. அதற்கு இங்கே இரண்டாவது கதவு கிடையாது.

"படுத்திருக்கிறவங்க மேடம்" என்றாள்.

பரீட்சகர் எழுந்து, சாக்பீஸ் வாசல் வழியாகவே வெளியே போய், உள்ளே வந்தார். நின்றுகொண்டிருந்த ரப்பர் சார் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. மேடம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு சாரிடம் நீட்டினார். தேர்ச்சி. அதற்குமேல் ஒரு மதிப்பெண்கூட இல்லை. சாரும் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே சிவப்பு மையில் 'வழி அதிகம்' என்று சேர்த்தார்.

"நாளைக்கு வேலைக்குப் போவே. கட்டறவன் முதல்ல இந்த வழியைத்தான் வெட்டுவான்" என்றார்.

"வெட்டட்டும் சார். மறுபடி வரைவேன்."

மிச்ச சாக்பீஸோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அப்பா வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சோபா வெளிய போகுது."

"என்னடி பேசறே? நல்ல மரம் அது!"

"மரம்தானே? வெளிய நிக்கட்டும்."

பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு செல்போன் கடையில் வேலை பார்க்கும் தம்பி, அக்கா அப்பாவை மடக்கியதில் சந்தோஷப்பட்டு ஒரு முனையைத் தூக்கினான். சோபா வாசலில் மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. கடைசியில் அப்பாவே திட்டிக்கொண்டு ஸ்பேனர் எடுத்து வந்து அதன் நான்கு காலையும் கழற்றினார்.

"பாருடா, இந்த வீட்ல சோபாவும் காலை மடக்கணும்" என்றாள் டேப்பு. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தரையில் சுவரை ஒட்டி ஒரு கோடு கிழித்தாள், வாசலிலிருந்து சமையலறை வரைக்கும்.

"இது ரோடு. இதுல செருப்பு கிடக்கக் கூடாது, துணி கிடக்கக் கூடாது, நீயும் கிடக்கக் கூடாது."

"டோல்கேட் எங்கக்கா?" என்றான் தம்பி.

காலையில் அம்மா வந்தாள். சோபா இருந்த இடத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "பாஸாடி?" என்றாள். "பாஸ்மா." வேறு எதுவும் கேட்கத் தெம்பில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்து, காலை நீட்டி, அடுத்த நிமிடமே தூங்கிப்போனாள். பாதத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

தம்பி தண்ணீர் குடிக்கக் கிளம்பினான்.

முதல் காலடியிலேயே அம்மாவின் கால்கள் மடங்கின.

அவன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, நான் ரோட்லதான்கா நடந்தேன். கோட்டைத் தொடக்கூட இல்ல."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன்?"

டேப்பு அந்த மடங்கிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கத்துக்கு யார் போய் வரைபடம் காட்டுவது? பிறகு எழுந்து வந்து தம்பியின் பின்னால் நின்றாள்.

"நட."

"எழுந்துட்டா?"

"எழ மாட்டாங்க. போ, திரும்பி வா, மறுபடி போ. யாரும் மிதிக்க வரலன்னு அந்தக் காலுக்குத் தெரியட்டும்."

அவன் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். சமையலறை வரைக்கும் போய்த் திரும்பினார்கள், வாசல் வரைக்கும் வந்து திரும்பினார்கள். வேன் சாவியோடு உள்ளே நுழைந்த அப்பா வாயைப் பிளந்தார்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள வாக்கிங்?"

"செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் வாங்கப்பா. கோட்டைத் தாண்டாதீங்க."

ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அவரும் சேர்ந்துகொண்டார். கோட்டை ஒட்டி மூன்று பேரும் வரிசையாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அம்மாவின் கால்கள் மடங்கியபடியேதான் கிடந்தன. டேப்பு நிறுத்துவதாக இல்லை.