கிளம்பாத வண்டிக்கு நாலாவது ஆயில்

ஆதிலட்சுமி பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் ஊருக்கு வந்தாள். வந்து பத்து மாதமாகிவிட்டது. இந்தப் பத்து மாதத்தில் அவளுடைய பழைய மாருதி காருக்கு மூன்று தடவை என்ஜின் ஆயில் மாற்றியாயிற்று. கார் ஓடியதென்னவோ இருநூற்றுப் பதினோரு கிலோமீட்டர்தான். அதுவும் வேங்கிக்கால் வீட்டிலிருந்து திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குப் போய்வந்த தூரம்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்தவள் இல்லை. வீடு வீடாகப் போய், எந்த சோப்பு போடுகிறீர்கள், எந்தப் பேஸ்ட்டில் பல் தேய்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதிவரும் கம்பெனியில் வேலை. நாக்பூர், ஜோத்பூர், கௌஹாத்தி என்று சுற்றினாள். இந்தியாவின் குளியலறைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

இங்கே வந்து காரை வாங்கியதே நினைத்த நேரத்தில் கிளம்பத்தான். அதனால் மூக்கை கேட் பக்கம் திருப்பியே நிறுத்தி வைத்தாள். தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு அணைப்பாள். பழைய ஆயிலோடு தூரப் பயணம் போகக்கூடாது என்று நாக்பூர் பக்கம் ஒரு லாரி டிரைவர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே ஒவ்வொரு பயணமும் ஆயில் மாற்றுவதில் ஆரம்பித்தது. அதிலேயே முடிந்தும் போனது.

முதலில் ஹம்பி. ஆயில் மாற்றிய மறுநாள் பௌர்ணமி; கிரிவலக் கூட்டத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் பௌர்ணமி இல்லை. அப்போதும் கிளம்பவில்லை. இரண்டாவது கோவா. மழை கெடுத்துவிட்டது. திருவண்ணாமலையில் சொட்டு மழையில்லை. கோவாவில் பெய்வதாக டிவியில் சொன்னார்கள். மூன்றாவது பூரி. அதற்குக் காரணம் தேட அவளுக்கே அலுப்பாக இருந்தது.

இப்போது இரண்டாயிரத்து நான்கு மே மாதம். கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் அவளைப் பூகோள டீச்சராகக் கூப்பிட்டிருந்தது. தலைமையாசிரியர் சகாதேவன் ஒரு நாள் சும்மா பேச அழைத்து, கோடை வகுப்புக்கு வந்திருந்த பத்தாவது பிள்ளைகள் முன்னால் நிறுத்திவிட்டார். பிரம்மபுத்திராவில் வெள்ளம் வந்தபோது படகில் போய் சோப்பு விசாரித்த கதையைச் சொன்னாள். மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வேலை பிடித்துவிட்டதே என்ற பயம்தான். மூன்று வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போடவேண்டும். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் சிக்கிம் போவதென்று முடிவு செய்தாள்.

கார் சாவியை எடுத்தபோது அம்மா தங்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“ஆயில் மாத்தப் போறியா?”

“ஆமாம்மா. சிக்கிம் போலாம்னு இருக்கேன்.”

“அப்போ மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுவ,” என்றாள் தங்கம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருசப்பனின் ஒர்க்‌ஷாப் போளூர் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. ஐம்பது வயது மனுஷர். இவள் வண்டி திரும்பும்போதே எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, இந்தத் தடவ எந்த ஊரு?”

“சிக்கிம்ணா.”

“அது எங்க கீது?”

“டார்ஜிலிங்குக்கு மேல.”

“நல்ல ஊரா பாத்துதான் போகாம இருக்க,” என்றபடி அவர் பானெட்டைத் தூக்கினார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் தேன் நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. “பாரு. இத வடிச்சுக் கீழ விட எனக்கே மனசு வரல. சென்ட்ரிங் மேஸ்திரி கருப்பன் உன் ஆயிலுக்குன்னே வந்து நிக்கறான். கான்கிரீட் ஒட்டாம பலகைக்குத் தடவ பழைய ஆயில் கேட்டா, இங்க புதுசே கெடைக்குதாம். வேங்கிக்கால்ல நாலு வீட்டுக்குத் தளம் போட்டது உன் புண்ணியத்துலதான்.”

ஆதிலட்சுமிக்குத் தன் பயணங்களெல்லாம் போன இடம் தெரிந்தது. ஹம்பி ஒரு வருவாய் ஆய்வாளர் வீட்டு மாடியாகவும், கோவா ஒரு வாத்தியார் வீட்டுச் சமையல்கட்டுத் தளமாகவும் இறுகிக் கிடந்தன.

இருசப்பன் அடுத்து ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்தார். அதன் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

“இது இன்னா சொல்லு.”

“மோர் மாதிரி இருக்கு.”

“தண்ணிம்மா. தினம் ஸ்டார்ட் பண்றியா?”

“அஞ்சு நிமிஷம். வண்டி ரெடியா இருக்கணும் இல்ல?”

“அதுதான் கெடுக்குது. நல்லா சூடு ஏறதுக்குள்ள அணைச்சுடற. உள்ள வேர்க்கற தண்ணி ஆவியா வெளிய போகாம ஆயில்லயே கலக்குது. நிறுத்திவெச்சு உறும விடறதுக்கு சும்மாவே விட்டுடலாம்.”

நாலு மாநிலத்துக்குப் பல் தேய்க்கும் வழக்கத்தை அலசியவள், பத்து மாதமாகத் தினமும் ஐந்து நிமிஷம் தன் வண்டியைத் தானே கெடுத்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“அப்போ எப்ப எப்பதான் மாத்தணும்?”

“ஓடற வண்டின்னா ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ. ஓடாத வண்டின்னா வருஷத்துக்கு ஒரு தடவ போதும். ஓடலன்னாலும் வருஷம் ஆனா மாத்திடணும்.” அவர் ஒரு சின்ன அட்டையையும் பேனாவையும் எடுத்தார். அடுத்த ஆயில் எப்போது என்று எழுதி வண்டியில் கட்டிவிடுவது அவர் வழக்கம். “இதுல எதுன்னு நீ சொல்லு. எழுதறேன்.”

ஆதிலட்சுமி அட்டையைப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒன்று என்றால் அடுத்த மே மாதமும் இந்த ஊரில் இந்தக் கேட்டுக்குள் நிற்கவேண்டும். ஐயாயிரம் என்றால் போவதற்கு ஓர் இடம் வேண்டும். சோப்பு விசாரிக்கும் தாளில் ‘தெரியாது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடிக்கச் சொல்பவர்களைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். ஏதாவது ஒரு சோப்பின் பெயரைச் சொல்லும்வரை வாசலை விட்டு நகரமாட்டாள்.

“தெரியாதுன்னு போட்டுக்கோங்கண்ணா.”

“ஆயிலுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதும்மா.” அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “இன்னிக்கு மாத்த மாட்டேன். நிக்காம இருபது கிலோமீட்டர் ஓட்டு. அந்த மோர் போகட்டும். அப்புறம் பேசலாம்.”

“எந்தப் பக்கம் போறது?”

“உலகமெல்லாம் சுத்துன நீ என்னக் கேக்கற? இந்த ஊர்ல ஒன்பது ரோடு கீதே.”

லாரி கம்மி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செஞ்சி ரோட்டைப் பிடித்தாள். ஏறியதும் ஒரு லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டினாள். அவலூர்பேட்டைப் பிரிவைத் தாண்டியபோது, வாங்கிய நாளிலிருந்து அடியிலேயே படுத்திருந்த சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. கரகரவென்றிருந்த என்ஜின் சத்தம் அடங்கி, ஒரே சீராக ஓடியது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

கீழ்பென்னாத்தூர் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சிக்கிமுக்கும் இதே ரோட்டில் நேராகப் போகலாம். அவள் பள்ளிக்கூடத்துக்குள் திரும்பினாள்.

சகாதேவன் அட்மிஷன் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். “வாங்கம்மா. வீட்டுக்கு போன் பண்ணேன். ஆயில் மாத்தப் போயிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. வெளியூர் எங்கயாவது கிளம்பறீங்களா?”

“இல்ல சார்.”

“வெளிப்படையாவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாதியில விட்டுட்டுப் போனீங்கன்னா பத்தாவது பிள்ளைங்க பாடு திண்டாட்டம். மூணு வருஷம் இருப்பீங்களா?”

ஆதிலட்சுமி மேஜை மேலிருந்த போனைப் பார்த்தாள். “ஒரு போன் பண்ணிக்கலாமா சார்?”

அம்மாவிடம் கேட்கப்போகிறாள் என்று நினைத்து அவர் போனை நகர்த்திக் கொடுத்தார்.

“அண்ணா, நான்தான். ஓடற வண்டின்னு எழுதிக்கோங்க.”

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. “எவ்ளோ ஓடும்?”

“போக வர நாப்பது. ஞாயித்துக்கிழமை கிடையாது.”

“நாப்பதுன்னா மாசம் ஆயிரம் வெச்சுக்கோ. ஐயாயிரம் அஞ்சு மாசத்துல வந்துடும். இப்படி எத்தினி நாளைக்கு ஓடும்?”

“மூணு வருஷம்ணா.” சகாதேவன் பேனா மூடியைக் கழற்றி வைத்தார்.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்டதான்.”



“நல்லா கீது போ. வெச்சுட்டு மொதல்ல அம்மாகிட்ட சொல்லு. ஆயிலுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குது.”