ஸுலைஹா வெளியே வந்த நாள்

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதம், கல்முனையின் கடற்கரை ஒழுங்கை ஒன்றில் வெளியுலகை அதிகம் அறிந்திருந்தவள், வாசற்படி தாண்டக்கூடாத ஒருத்தி. ஸுலைஹாவின் புருஷன் மௌத்தாகி, அவள் இத்தா இருந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, சாத்திய அறை, அந்நிய ஆண்களின் முகம் காணாத விதவைக் காலம். முடியப் பாதி கிடந்தது. துணைக்கு இருந்தது அவன் விட்டுப்போன றேடியோ.

இத்தாவில் றேடியோவா என்று ஒழுங்கை முணுமுணுத்தது. பாட்டு வந்தால் அவள் சத்தத்தைக் குறைப்பாள், வானிலை வந்தால் கூட்டுவாள், அடியோடு நிறுத்தமாட்டாள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று கேட்டதுமே, சாமான் சுற்ற வந்த பழைய பாடப்புத்தகத்திலிருந்து தேசப்படம் ஒன்றைக் கிழித்துப் பாயில் விரித்தாள். அறிவிப்பாளர் சொன்ன தூரத்துக்கும் திசைக்கும் ஏற்பப் புளியங்கொட்டை ஒன்றை நகர்த்தினாள். முதலில், அது இந்தியாவுக்குத்தான் போகும் என்று அடித்துச் சொன்னாள். மறுநாள் கொட்டை திரும்பிவிட்டது. அவளும் கூச்சமின்றித் திரும்பிக்கொண்டாள். பிழையை இவ்வளவு லேசாக ஒப்புக்கொண்ட சோதிடரை அந்தக் கரை கண்டதில்லை, ஆகவே நம்பவுமில்லை.

அடுத்த நாள் காலை தூறல். சூறாவளி இன்றே கிழக்குக் கரையில் ஏறும் என்றது றேடியோ. ஸுலைஹா தமையன் ஆதம்பாவாவைக் கூப்பிட்டாள்.

"காக்கா, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்க. அது கல்லுக் கட்டிடம். நம்மட ஓலைக் கூரையள் நிக்காது."

ஆதம்பாவா வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத் தனியாகவே திரும்பினார். அவருக்குப் பின்னால் அடுத்த வளவு நேசம்மா வந்தாள், மீன்பிடிக்காரன் தங்கத்துரையின் பெண்சாதி.

"கடல் வாறதெண்டா முதல்ல தனக்குத்தான் சொல்லுமாம், ஒங்கட பெட்டிக்குச் சொல்லாதாம் எண்டு எங்கட மனிசன் சொல்லுறார்."

"ஒங்கட மனிசனுக்குச் சொல்லக்குள்ள அது ஒங்கட குசினி அடுப்படியில நிக்கும்கா!"

நேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அது சரி, நீங்க போறயளா?"

"நான் இத்தாவில இரிக்கன்."

"பாத்தீங்களா! மெய்யா வாறதெண்டா நீங்க இப்பிடிக் குந்தியிரிப்பீங்களா? ஒழுங்கை முழுக்க அதத்தான் கதைக்குது."

உயிராபத்து என்றால் வெளியேறலாம் என்ற மார்க்கச் சட்டம் ஸுலைஹாவுக்குத் தெரியும். ஆனால் புருஷனுக்காகச் செய்ய மிச்சமிருந்தது இந்த இத்தா ஒன்றே. வீட்டோடு தன் உயிர் போனாலும் அதைக் குறையில்லாமல் முடிப்பதென்று தீர்மானித்திருந்தாள். இப்போதோ அவளுடைய பேணுதலே அவள் சொல்லுக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது. அவள் வீட்டில் இருந்தால் ஒழுங்கையும் நகராது.

"காக்கா, குடைய எடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் போவம். பின்வளவால வேணாம், நடு ஒழுங்கையால."

"சனம் என்ன கதைக்கும் புள்ள?"

"கதைக்கட்டும். கதைக்கிறதுக்கு உசிரு வேணுமே."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் நட்டநடுவே நடந்தாள். "ஐயோ, ஸுலைஹா வெளிய வந்திட்டா!" என்று நேசம்மா போட்ட கூச்சலில் வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. றேடியோ நாட்கணக்காய்க் கத்தியும் ஆகாததை ஒரு வெள்ளைச் சேலை செய்தது. பெட்டி, படுக்கை, கோழி எல்லாம் கைக்கு வந்தன. தங்கத்துரை கடைசியாக, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கடல் தனக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அன்று மாலை சூறாவளி ஏறியது. விடிந்தபோது ஒழுங்கையில் கூரை என்று ஒன்று இல்லை, செத்தவர் என்றும் ஒருவர் இல்லை. பள்ளிக்கூட மூலையில் கட்டிய போர்வைக்குப் பின்னால் இருந்து ஸுலைஹா மிச்ச இத்தாவைத் தொடர்ந்தாள். அது முறிந்துவிட்டதா இல்லையா என்ற தர்க்கம் போர்வைக்கு இப்பால் நெடுநாள் நடந்தது. உரத்துத் தர்க்கித்தவர்கள் அவள் பின்னால் முதலில் ஓடிவந்தவர்கள்.

எண்பதுகளிலும் அவள் சந்தைக்குக் கிளம்பினால், ஒழுங்கையில் யாராவது ஒருவர் கடற்கரைப் பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.