ஒரு மயில் முன்னால், ஒரு மயில் பின்னால்

1. சிங்கத் தலைக் கைபிடி

சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்து வீட்டுத்திட்ட வீடுகளைக் கட்டத் தொடங்கியிருந்த காலத்தில், கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட இருந்த ஒரு ஹாட்வெயார் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முழங்கால் வருத்தத்தால் போன வருசம் வேலையை விட்டு நிற்கும்வரை அந்தக் கவுண்டர்தான் எனக்கு உலகம். இப்போது கடைகளில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள், கையில் கொஞ்சக் காசோடு வருகிற சனம் எதைப் பார்த்துச் சாமான் தெரிவு செய்கிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். தெரிவு செய்கிறார்களாம்! சரி, சொல்கிறேன்.

முதல் நாளே முதலாளி கூப்பிட்டு வைத்துப் பாடம் எடுத்தார்.

"இஞ்ச பார் பிள்ளை, வாறவையிட்டக் காசு கொஞ்சம்தான் இருக்கும். அதை ஆணி, சீமெந்து எண்டு முடிக்க விடாதை. முன்கதவைக் காட்டு, ரைல்ஸைக் காட்டு. நாலு பேர் வந்து பாக்கிற சாமானைக் காட்டு."

"மற்றது கேட்டால் என்ன செய்யிறது ஐயா?"

"மற்றதைக் கேக்க மாட்டினம்" என்றார். மனிசன் சரியான கள்ளன், ஆனால் சனத்தை நன்றாகப் படித்து வைத்திருந்த கள்ளன்.

அன்று வந்த முதல் ஆளின் வீடு சுவர் மட்டத்தில் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. அவர் கேட்டது சிங்கத் தலை வைத்த பித்தளைக் கைபிடி. "அண்ணை, கதவு போட்டிட்டீங்களோ?" என்று கேட்டேன். "கதவு எப்பவும் வாங்கலாம் தங்கச்சி. இந்த டிசைன் முடிஞ்சிடும்" என்றார். கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். சைக்கிள் கூடையில் சிங்கத்தை வைத்துக்கொண்டு போனார், போடுவதற்கு இடமில்லாத வீட்டுக்கு.

2. முகம் இருக்கும், முதுகு இராது

எங்கள் சனம் காசைச் செலவழிக்கிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளில் எனக்கு அது பாடமாகிவிட்டது. முதலில் முன்கதவு. பிறகு முன் விறாந்தைத் தரையில் பதிக்க ரைல்ஸ், அதுவும் வந்தவரின் கண் எட்டுகிற தூரத்துக்கு மட்டும். அதோடு ரைல்ஸ் முடிந்து வெறும் சீமெந்து தொடங்கும். முன்சுவருக்குப் பூச்சும் பெயின்றும். பின்சுவரில் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். குசினிக்குப் புகைபோக்கி எல்லாவற்றுக்கும் பிறகு. கக்கூஸ் அதற்கும் பிறகு.

இதில் பெரிய பகிடி, இந்த முன்கதவால் வீட்டுக்காரர் யாரும் போய் வருவதில்லை. எல்லாரும் குசினிப் பக்கத்தால்தான் நடமாட்டம். முன்கதவு கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் திறக்கும். மற்ற நாட்களில் அதற்குத் தூசு தட்டுவதே ஒரு வேலை.

கொம்பனிகளிலிருந்து வருகிற பிரதிநிதிகளுக்கும் இது தெரியும். காற்சட்டை கசங்காமல் வந்து நின்று, "கஸ்டமர் டிசைனுக்குத்தான் போறார் மிஸ்" என்று எனக்கே விளங்கப்படுத்துவார்கள். புதிதாய் வருகிற கற்றலொக்கில் முன்கதவுக்குப் பத்துப் பக்கம் இருந்தால், கக்கூஸ் கதவு கடைசி அட்டையில் ஒரு மூலையில் கிடக்கும்.

3. தவராசாவின் நிலை

குளத்தடிக் குடியேற்றத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி இருந்தவர் தவராசா. வயல்காரன், உழைப்பாளி, ஆனால் தமையனைக் கண்டால் மட்டும் புத்தி மாறிவிடும். தமையன் வீடு றோட்டுக்கு மற்றப் பக்கம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் அந்த வீட்டுக்குச் செதுக்கு வேலை செய்த இரட்டைக் கதவு போட்டிருந்தார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பது தவராசாவுக்கு ஒரு வருத்தமாகவே ஆகியிருந்தது.

அவரின் வீட்டில் கக்கூசுக்குக் குழியும் சுவரும் இருந்தன. பழைய கொட்டில் தகரத்தைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். கதவு என்று ஒரு துருப்பிடித்த தகரத்தைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் தானே திறக்கும். பக்கத்தில் ஒழுங்கை, ஒழுங்கையால் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் போவார்கள். ஒருநாள் மகள் கஜானி உள்ளே இருக்கத் தகரம் பறந்து திறக்க, ஒழுங்கையில் நின்ற பெடியள் சிரித்திருக்கிறார்கள். அதோடு அவள் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பளையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே பள்ளிக்கூடமும் மாறிவிட்டாள். பூட்டுகிற கதவு வந்தால் வருவேன் என்று ஒரே சொல். தாய் சிவமலர் பிள்ளையில்லாத வீட்டில் அரை உயிராய்த் திரிந்தாள்.

"அடுத்த போகத்துக்குப் பாப்பம்" என்று தவராசா மூன்று போகம் சொன்னார். நாலாவது போகம் நல்லாய் விளைந்தது. நெல்லை விற்ற காசு வந்தது. ஏதாவது ஒன்று வாங்கலாம். சிவமலர் கக்கூஸ் கதவு என்றாள். தவராசாவோ ஐயரிடம் போய் நல்ல நேரம் கேட்டு வந்து, மாவிலை கட்டித் தேங்காய் உடைத்து, வீட்டின் முன்வாசலில் ஐந்தடி அகலத்துக்குக் கதவு நிலை வைத்துவிட்டார். நல்ல நேரம் பார்த்து வைத்த நிலையைக் கழற்றக்கூடாது என்பது எங்களுடைய ஊர் வழமை. ஐந்தடி நிலை வைத்தால் ஐந்தடிக் கதவு வாங்கத்தானே வேண்டும்? இந்தச் சூழ்ச்சியை யோசிக்கிற மூளையை வயலில் போட்டிருந்தால் ஐந்தாவது போகமும் விளைந்திருக்கும்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மயில் செதுக்கிய இரட்டைக் கதவுக்கு முன்னால் நின்றார். இரண்டு பலகையிலும் ஒவ்வொரு மயில், ஒன்றையொன்று பார்த்தபடி. சிவமலர் பின்னால் நின்றாள், பிளாஸ்ரிக் கதவுகள் சாத்தியிருந்த மூலையைப் பார்த்தபடி.

"இஞ்சருங்கோப்பா, முன்னுக்கு ஒரு சாதாரணக் கதவைப் போட்டு, மிச்சத்துக்கு உந்தப் பிளாஸ்ரிக் கதவை எடுப்பமே" என்றாள்.

"நிலை ஐஞ்சடி. சாதாரணக் கதவைக் கொண்டுபோய் எங்க கொழுவிறது?"

"பிள்ளை வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"பிள்ளைக்குக் கலியாணம் பேச வாறவன் கக்கூசையே பாக்கப் போறான்? முன்கதவைத்தான் பாப்பான்."

முதலாளி ஓடி வந்தார். "அண்ணை சொல்லுறது நூறு வீதம் சரி. இது வீட்டின்ர கௌரவமெல்லோ!" அன்று அவர்கள் இருவரையும் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் பிள்ளை வீட்டை விட்டுப் போனது கௌரவக் குறைவில்லையாம், கதவில் மயில் இல்லாததுதான் குறைவாம். கதவு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனது.

4. விற்ற சாமான்

அடுத்த கிழமை சிவமலர் தனியாக வந்தாள். கதவு இன்னும் கொழுவவில்லை, திருப்பித் தருகிறேன், பதிலுக்கு ஒற்றைக் கதவும் பிளாஸ்ரிக் கதவும் தந்தால் போதும் என்று கேட்டாள். நிலையின் மிச்ச இடத்தைப் பலகையால் அடைத்துவிடலாம் என்றாள். நானும் சேர்ந்து கேட்டேன்.

"விற்ற சாமான் திருப்பி எடுக்கிறேல்லை. போட்டில எழுதிக் கிடக்கு" என்றார் முதலாளி. கௌரவம் பற்றிப் பேசிய அதே வாய்.

சிவமலர் அழவில்லை. சுவரில் தொங்கிய அந்த அறிவித்தல் போட்டை ஒருமுறை வாசித்தாள். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, பிணைச்சல் ஆறு தாங்கோ. உள்ளுக்கால பூட்டுற நல்ல தாழ்ப்பாள் ஒண்டு தாங்கோ. அசையாத சாமானாப் பாத்துத் தாங்கோ" என்றாள். பலகைக்கு மூன்றாக, இரட்டைக் கதவைக் கொழுவ ஆறு பிணைச்சல் சரிதான். குளியலறைக்குப் போடுகிற தாழ்ப்பாள் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்ததில் உறுதியானதை எடுத்துக் கொடுத்தேன்.

5. இரண்டு மயில்கள்

ஞாயிற்றுக்கிழமை அவர்களின் வளவடியால் போனபோது சத்தம் கேட்டு நின்றேன். தவராசா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். முன்வாசல் நிலையின் ஒரு பாதியில் மயில் கதவு. மற்றப் பாதியில் கக்கூசுக்குக் கட்டியிருந்த அதே துருப்பிடித்த தகரம். மற்ற மயில் எங்கே என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. அது பின்னால் ஒழுங்கைப் பக்கமாக, கக்கூஸ் வாசலில் நின்றது. உயரம் கூடியதால் தச்சு வேலைக்காரர் அடிப்பக்கத்தை வெட்டியிருந்தார். பாவம், மயிலுக்குக் கால் இல்லை.

"ஊர் சிரிக்கப் போகுது! என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்!" என்று தவராசா குதித்தார். றோட்டில் தமையன் வந்து நின்று உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

சிவமலர் முற்றத்தில் மரச் சீவல்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நல்ல நேரத்தில வச்ச நிலையைக் கழட்டக்கூடாதெண்டு சொன்னீங்கள். நான் கழட்டேல்லை. கதவை ரெண்டாப் பிரிக்கக்கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லையே" என்றாள். பிறகு விளக்குமாறைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "மானம் எந்தக் கதவுக்குப் பின்னால இருக்கெண்டு, பிள்ளை வந்தாப் பிறகு அவளைக் கேளுங்கோ. அதுவரைக்கும் அந்தக் கதவில கை வச்சால், நானும் பளைக்குப் போயிடுவன்."

தவராசா குதிப்பதை நிறுத்திவிட்டுக் கால் கழுவப் போனார். தமையனும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் வளவுக்குள் போனார். எனக்கு வந்த சந்தோசத்தை வெளியே காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கஜானி பஸ்ஸால் இறங்கி வந்தாள். நான் அப்போது சிவமலரோடு குசினி வாசலில் நின்றேன். தோள் பையோடு நேரே பின்னால் போய் மயில் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே நின்று கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். பிறகு இன்னும் பலமாகத் தள்ளிப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

வெளியே வந்தவளிடம், "திங்கட்கிழமை திரும்பிப் போயிடுவியோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. மிச்ச உடுப்பை எடுக்க அப்பாவைப் போகச் சொல்லுங்கோ" என்றாள்.

தவராசா வீட்டுக்குள், முன்வாசல் தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழும்பி, கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பளைக்குப் பஸ் எடுக்கப் போனார். போகும்போது முன்கதவால் போகவில்லை, எங்களைக் கடந்து குசினிப் பக்கத்தால் போனார்.

6. கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு

கொஞ்சக் காசுக்காரர் எதை முதலில் வாங்குகிறார், எதைத் தள்ளிப் போடுகிறார் என்று கொம்பனிக்காரர் படம் போட்டு விளங்கப்படுத்துவார்கள். கேட்டுத் தலையாட்டுங்கள். கவுண்டருக்கு முன்னால் நின்று விலை கேட்கிறவர், பார்க்க வருகிறவர்களுக்காக வாங்குகிறார். அவருக்குப் பின்னால் பேசாமல் நிற்கிறவர்தான் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர். அவரின் கண் எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வையுங்கள், ஒருவரும் கேட்காவிட்டாலும்.

அதன் பிறகு வந்த வருசங்களில் நான் அப்படித்தான் செய்தேன். கணவன்மார் முறைத்தார்கள். முதலாளி, "நீ என்ன பிள்ளை, முன்கதவு கேட்டு வாறவைக்குக் கக்கூஸ் கதவு விக்கிறாய்?" என்று ஏசினார். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய மனிசியும் ஒருநாள் கடைக்கு வந்தார். முதலாளி காசு மேசையில் இருக்க, மனிசி பின்னால் நின்று அந்தப் பிளாஸ்ரிக் கதவு மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.